ஜன்னலோரம் காய்ந்த பாறைத்தூள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடம் திருடியது. அவள் பாறைகளை ஆராய்கிறவள். போன வாரம் சாப்பிடும்போது அவள் சொன்னதை, கை கழுவுவதற்குள் கதையாக்க முடிவு செய்துவிட்டேன்.

"இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், பூமித்தாய் தன் வயிற்று நெருப்பை..." (வேண்டாம். பள்ளி ஆண்டு மலர் வாடை.)

2

நேராகவே சொல்கிறேன். அன்று எரிமலைக் குழம்பு மேலேறும் வழியில் நிலக்கரிப் படுகைகளைக் கொளுத்தியது; அந்தப் புகையில் பூமி சூடேறி, கடல் மூச்சுத் திணறி, பெரும்பாலான உயிர்கள் அழிந்தன. இது அக்காவின் கட்சி. சாட்சி, அந்தக் காலத்துப் பாறைக்குள் இருக்கும் நுண்ணிய சாம்பல் உருண்டைகள். மூன்று வருடம் தேடிக் கண்டுபிடித்து, கட்டுரையும் அனுப்பிவிட்டாள்.

3

இந்தக் கதையின் முதல் பிரதியில் அக்காவை அழவைத்தேன். படித்துவிட்டு, "நான் எங்கடா அழுதேன்? நீதான் அழுதே" என்றாள். உண்மைதான்.

நடந்தது இது. ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பு பழுதான வாரம், பாறைத்தூளைத் தட்டில் பரப்பி ஜன்னலோரம் காயவைத்திருக்கிறாள். எதிரே அனல்மின் நிலையம்! அதன் புகையிலும் அதே மாதிரி உருண்டைகள்தான் பறக்கும். கட்டுரையை அனுப்பிய பிறகுதான் இது அவளுக்கு உறைத்தது. அவள் பார்த்தது ஆதிகாலத்துச் சாம்பலா, முந்தாநாள் சாம்பலா?

"யாருக்கும் தெரியாதுக்கா, விட்டுடு" என்றேன். (சொன்னது நான்தான். வெட்கமாக இருக்கிறது.)

"எனக்குத் தெரியுமே."

மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். துறைத்தலைவர் தலையில் அடித்துக்கொண்டாராம். மிச்சமிருந்த பாறையின் மேற்புறத்தை அறுத்தெறிந்துவிட்டு, காற்றே படாத நடுப்பகுதியை மூடிய பெட்டிக்குள் அமிலத்தில் போட்டிருக்கிறாள். கரைய ஆறு நாள். அடியில் மிஞ்சுவதுதான் தீர்ப்பு. இன்று நாலாவது நாள்.

4

முடிவு அ: உருண்டைகள் இருக்கின்றன. அக்கா ஜெயித்தாள். அப்படியானால் நிலக்கரி எரிந்தே ஓர் உலகம் செத்தது என்றாகிறது. இப்போது நாம் எரித்துக்கொண்டிருப்பதும்... (முடிக்கத் தைரியமில்லை.)

முடிவு ஆ: ஒன்றுமில்லை. உலகம் வேறெதனாலோ செத்தது. அக்காவின் மூன்று வருடம் விழலுக்கு இறைத்த நீர்.

அவள் தோற்றால் தேவலை என்று நினைத்தேன். கூடப்பிறந்தவன் நினைக்கிற நினைப்பா இது? மனசு கேட்காமல் அவளிடமே சொன்னேன். கையுறையைக் கழற்றாமலே பதில் வந்தது.

"நீ ஆசைப்பட்டா பாறைக்குள்ள இருக்குறது மாறிடுமா? எது இருந்தாலும் என் பேர் போட்டு எழுதுவேன்."

ஆகவே முடிவுக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் தோற்றதாக எழுதுகிறவர்கள் கூசவேண்டாம். நானும் முதலில் அதைத்தான் எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன்.