சனிக்கிழமை வயது

1981 ஆகஸ்டு முதல் 1982 ஏப்ரல் வரை, சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் சந்திரகலாவுக்கு வயது எழுபத்தெட்டு. மற்ற நேரங்களில் இருபது. சாரம் என்ற பகுதியில் குடியிருந்த நாராயணசாமியின் மூத்த மகள் அவள். அப்பாவுக்கு மின்துறையில் மீட்டர் பார்க்கிற வேலை. அவள் கல்லூரியில் மனையியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் ‘முதுமையும் உடல்நலமும்’ என்று ஒரு பாடம் புதிதாக வந்திருந்தது. அதை நடத்திய பார்வதி டீச்சர், கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டால் முதுமை புரியாது என்று சொல்லி, இருபத்திரண்டு பெண்களையும் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒரு மதியம் தொண்டு செய்ய அனுப்பினார். கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்த மஞ்சள் கட்டடத்தை ஊரார் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் ஒஸ்பீஸ் என்றே சொன்னார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கிழவர் அல்லது கிழவி. சந்திரகலாவுக்குக் குஞ்சம்மாள்.

குஞ்சம்மாள் முதலியார்பேட்டைக்காரி. முப்பது வருடம் மில்லில் நூல் சுற்றியவள். ஒஸ்பீஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முழங்காலும் வீங்கி, இடது கண்ணில் புரை விழுந்து, கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போய்வர அரைமணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். சந்திரகலா நாலு சனிக்கிழமைகளில் அவளுடைய நாடித்துடிப்பு, பார்வை, காது, பல், நடை எல்லாவற்றையும் குறித்து ரெக்கார்டு நோட்டை நிரப்பிவிட்டாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது: இந்த உடம்பில் இருப்பது எப்படி இருக்கும், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக. மற்ற பெண்கள் அதை வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதிக்கொண்டார்கள். சந்திரகலாவுக்குப் பொய் எழுத வராது. அவள் குஞ்சம்மாளிடமே கேட்டாள்.

“சொல்லத் தெரியல பாப்பா. வேணும்னா குடுக்கறேன், நீயே பாத்துக்க” என்றாள் குஞ்சம்மாள்.

சொல்லிவிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். கடிகாரம் இரண்டு அடித்தது. சந்திரகலாவின் முகமும் கூந்தலும் அப்படியே இருந்தன. ஆனால் கண்ணில் பால் கலந்தாற்போல் வெளிச்சம் கலங்கியது, முழங்காலுக்குள் யாரோ மணலைக் கொட்டியது போலிருந்தது, மூச்சு பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். குஞ்சம்மாள் சுருங்கிய முகமும் வெளுத்த தலையுமாக எழுந்து நின்று, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தாள், புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்து கையைப் பிடித்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். இல்லத்துத் தலைமை சிஸ்டர் இதைப் பதிவேட்டில் ‘செய்முறைப் பயிற்சி’ என்று எழுதி, போன நேரம், வந்த நேரம் இரண்டையும் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு முறையோடு நிற்கும் என்றுதான் சந்திரகலா நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது குஞ்சம்மாள் தலைவாரி முடிந்து, கட்டிலின் ஓரத்தில் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்திரகலா கையைக் கொடுத்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாசல் காவலர் கொளஞ்சி இரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்து வைத்துவிடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா தணிகாசலம் மட்டும், தாழ்வாரத்தில் தன்னைத் தாண்டி விறுவிறுவென்று போகிற கிழவியைப் பார்த்து முதல் இரண்டு வாரம் பொருமினார். தனக்குத் தரப்பட்ட பெண் கைப்பிடிக்கக்கூட வராமல் வராண்டாவில் நின்று வேர்க்கடலை தின்றுவிட்டுப் போகிறாள் என்பது அவர் குறை.

அந்த நாலு மணி நேரங்களில் சந்திரகலா பாடப்புத்தகத்தில் இல்லாத பலவற்றைத் தெரிந்துகொண்டாள். தாகம் எடுப்பதற்கும் சொம்பை எட்டுவதற்கும் நடுவில் தாகமே மறந்துபோகும் அளவுக்குத் தூரம் இருந்தது. வேகமாகப் பேசுகிறவர்களின் வார்த்தையில் பாதி காதுக்கு வெளியே விழுந்துவிட்டது. என்ன என்று மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்ததால் சும்மா தலையாட்டினாள். மூத்திரம் வந்த பிறகு எழுந்தால் நேரம் போதாது, வருவதற்கு முன்பே புறப்பட வேண்டும். எல்லாவற்றையும் ஆறு மணிக்கு மேல், தன் கண்ணும் கையும் திரும்பிய பிறகு, நோட்டில் எழுதினாள். ஒரு பக்கம் போதாமல் கூடுதல் தாள் வைத்துத் தைத்தாள்.

கிழவி எங்கே போகிறாள் என்று அவள் நவம்பர் வரை கேட்கவில்லை. கடற்கரையில் காலாற நடக்கிறாள் போலும் என்று விட்டுவிட்டாள். ஆனால் ஆறு மணிக்குத் திரும்பிவரும் தோள்பட்டைகள் கடுத்தன. இடுப்பு, கனமான எதையோ தூக்கி இறக்கியது போல் விட்டுவிட்டு வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்த பிறகு, அடுத்த வாரம் கேட்டேவிட்டாள். குஞ்சம்மாள் மறைக்கவில்லை. அவளுடைய ஒரே மகன் அம்மாவாசைக்கு மில்லிலேயே பக்கவாதம் வந்து, ஐந்து வருடமாகப் படுத்த படுக்கை. அவனுக்கு வயது ஐம்பத்தேழு. மருமகள் தனக்கொடி சித்தாள் வேலைக்குப் போய்க் கஞ்சி ஊற்றுகிறவள். மாமியாருக்கும் கால் விழுந்தபோது, ரெண்டு பேரையும் தூக்க எனக்கு ஒடம்பு இல்ல அத்தே என்று அழுதுகொண்டே ரிக்‌ஷாவில் வைத்து இங்கே கொண்டுவந்து விட்டவளும் அவள்தான். அவள் மேல் குஞ்சம்மாளுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. சனிக்கிழமை மதியத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பதால், இவள் அரைமணியில் முதலியார்பேட்டைக்கு நடந்துபோய், தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து, மகனைத் தூக்கி உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றி, துடைத்து, துணி மாற்றி, ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டு வருகிறாள். தெருக்காரர்கள் எழுபத்தெட்டு வயதுக் கிழவி இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து போவதைப் பார்த்து ஒரு மாதம் பேசினார்கள். அப்புறம் குழாயடியில் அவளுக்கு முறை விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

சந்திரகலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன் கையும் காலும் தனக்குத் தெரியாமல், தான் பார்த்தேயிராத ஓர் ஆணைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அன்று அவள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். ஆனால் வாரம் முழுக்க ஒரு சந்தேகம் அவளை அரித்தது. அடுத்த சனிக்கிழமை வந்ததும் முதல் கேள்வியாக, முதுகில் புண் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு என்றாள் குஞ்சம்மாள். அன்று முதல் பாடம் வேறு விதமாக நடந்தது. படுக்கைப்புண் பற்றிப் புத்தகத்தில் இருந்த நாலு பக்கத்தையும் சந்திரகலா கிழவிக்கு வாசித்துக் காட்டினாள். எப்படிப் புரட்டுவது, எந்த இடத்தில் தலையணை கொடுப்பது, உப்புத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது என்று கட்டிலில் தானே படுத்து, தன்னையே புரட்டச் சொல்லிப் பழக்கினாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சித்தியிடம் கெஞ்சிக் கட்டுத்துணியும் களிம்பும் வாங்கி வந்தாள். தனக்கொடிக்கும் சொல்லியனுப்பியதில், அவள் காலையும் இரவும் முடிந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நோட்டின் பின்பக்கத்தில் சந்திரகலா அம்மாவாசையின் பெயரை எழுதி, குஞ்சம்மாள் சொல்லக் கேட்டு வாராவாரம் புண்ணின் அளவைக் குறித்தாள். டிசம்பரில் எட்டணாக் காசு அகலம். பொங்கலுக்குள் கால் ரூபாய்க் காசு. மார்ச் கடைசியில் ஒரு புளியங்கொட்டை. அவன் குழறிய பேச்சில், ஒனக்கு எப்பிடிம்மா இவ்ளோ பலம் என்று கேட்டானாம். ஒரு பொண்ணு குடுக்குது என்று குஞ்சம்மாள் சொன்னாளாம். அதை அவன் சந்தேகப்படவில்லை.

ஏப்ரலில் பல்கலைக்கழகத் தேர்வு வந்தது. முதுமையும் உடல்நலமும் பாடத்துக்கான தேர்வே சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விழுந்தது. சந்திரகலா முன்கூட்டியே போய்ச் சொன்னாள். பரிச்சைய உடாத, ஒரு வாரந்தானே என்று குஞ்சம்மாள் தேற்றி அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை கடலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அந்த விஷயம் வெள்ளிக்கிழமையே தெரியும். ஒஸ்பீஸுக்குச் சைக்கிளில் கால்மணி நேரம்தான். போய்ச் சொல்லியிருக்கலாம், தங்கச்சியையாவது அனுப்பியிருக்கலாம். அவள் செய்யவில்லை. தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, அரக்குப் பட்டுக் கட்டி, உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் மணி இரண்டு என்றபோது முழங்கால் தன் முழங்காலாகவே இருந்தது. கண் தெளிவாக இருந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சிறையிலிருந்து வெளியே வந்தது போன்ற சந்தோஷம். அதைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லவில்லை என்றாலும் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவள் போனபோது கொளஞ்சி கேட்டிலேயே நிறுத்திச் சொன்னார். போன வாரம் கிழவி ஒன்றரை மணியிலிருந்தே வாசலில் காத்திருந்திருக்கிறாள். மூன்று மணிவரை பார்த்துவிட்டுத் தன் சொந்தக் காலிலேயே புறப்பட்டுவிட்டாள். தெருமுனை விளக்குக் கம்பம் வரை போவதற்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. அங்கே கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஒரு ரிக்‌ஷாக்காரர் தூக்கிவந்து சேர்த்தார். இரண்டு வாரம் யாரும் தூக்கிக் கழுவாததில் அம்மாவாசையின் புண் திரும்ப வாய் பிளந்து, காய்ச்சல் கண்டு, புதன்கிழமை விடிகாலையில் அவன் போய்விட்டான். மாலையே எடுத்துவிட்டார்கள். தனக்கொடி வியாழக்கிழமைதான் வந்து சொன்னாள். ஒங்களத் தூக்கிப்போக ஆள் இல்லை அத்தே, அதான் கூப்பிடல என்றாள்.

குஞ்சம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, வயசாகிவிட்டால் மனசும் மரத்துப்போகும் என்று சிஸ்டர்கள் பேசிக்கொண்டது தாழ்வாரத்தில் கேட்டது. சந்திரகலா காலடியில் போய் உட்கார்ந்தாள்.

“போன வாரம் என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க ஆயா. சொல்லியனுப்பியிருக்கலாம். அனுப்பல” என்றாள்.

“புடிச்சிருக்காமா அவங்களுக்கு?”

“ம்.”

“நல்லது.” கிழவி தன் கைகளைப் பார்த்தாள். “இன்னிக்கு எங்கயும் போவப் போறதில்ல பாப்பா. எம் புள்ளைக்கு அழுவணும். இந்த ஒடம்பால முடியல. கண்ணுல தண்ணி வரமாட்டேங்குது. வாயத் தொறந்தா மூச்சு தாங்கமாட்டேங்குது. அழுவறதுக்குத் தெம்பு வேணும். ஒன்னோடத குடு.”

கடிகாரம் இரண்டு அடித்தது. சந்திரகலா கைகளை நீட்டினாள்.

குஞ்சம்மாள் தரையில் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்து, இருபது வயது நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அழத் தொடங்கினாள். பெற்ற நாளிலிருந்து ஆரம்பித்தாள். மில் சங்குச் சத்தத்துக்குத் தொட்டிலில் திடுக்கிட்டதை, முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை எடுத்து வந்ததை, கை விழுந்த பிறகு சோற்றை ஊட்டும்போது அவன் வெட்கப்பட்டதை, ஒவ்வொன்றாக இழுத்து வைத்து ஒப்பாரி சொன்னாள். கட்டடம் முழுக்கக் கேட்டது. யாரும் வந்து தடுக்கவில்லை. சமையல்கட்டில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள். சொல்தா தணிகாசலம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலில் படுத்திருந்த சந்திரகலாவுக்கும் அழுகை வந்தது. வந்து, தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது. கண் காய்ந்த ஓடை மாதிரிக் கரகரத்தது. நெஞ்சை எழுப்பப் பார்த்தாள், எழும்பவில்லை. அழ வேண்டும் என்பது மட்டும் உள்ளே கல்லாகக் கிடக்க, அழ முடியாமல் நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று நாளாகக் கிழவி இப்படித்தான் இருந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. நோட்டில் அவள் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.

ஆறு மணிக்குக் கைமாறியபோது குஞ்சம்மாள் கட்டிலில் சாய்ந்து உடனே தூங்கிப்போனாள். சந்திரகலாவுக்குத் தொண்டை கட்டி, கண் எரிந்து, ஒரு வாரம் பேச்சு வரவில்லை. வாய்மொழித் தேர்வில் பார்வதி டீச்சருக்குச் சாடையாகவும் எழுதிக் காட்டியும் பதில் சொன்னாள். தொண்ணூற்றொரு மதிப்பெண் கிடைத்தது. அடுத்த வருடத்து மாணவிகளுக்குக் கல்லூரி ஒரு படிவம் அச்சடித்தது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் வயது மாற்றிக்கொள்ளக் கூடாது, ஆறு மணிக்குள் திரும்பப் பெற வேண்டும், வர இயலாத வாரத்தில் முதல்நாளே தகவல் தர வேண்டும் என்று அதில் இருந்தது.

குஞ்சம்மாள் அதற்குப் பிறகு கையைக் கேட்கவே இல்லை. ஆவணியில் கல்யாணம் ஆகிற வரைக்கும் சந்திரகலா சனிக்கிழமை தவறாமல் போனாள். இருவரும் ஒரே கட்டிலில் அவரவர் வயதோடு உட்கார்ந்து அப்பத்தைத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள். ஐப்பசி மழையில் குஞ்சம்மாள் இறந்தாள். கடலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த சந்திரகலாவுக்குக் கொளஞ்சி எழுதிய கார்டு நாலு நாள் கழித்து, நனைந்து மை பரவி வந்தது. அவள் கணவன் சுப்பிரமணியன் ஆபீஸுக்குப் போயிருந்தான். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கண்ணில் தண்ணீர் தாராளமாக வந்தது. மூச்சு தாங்கியது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழ முடிந்தது.