சருகு கூட்டாத தோட்டம்

எங்கள் பிளாக்கில் அசிங்கமான தோட்டம் எது என்று போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்பக்கம் மாவும் பலாவும் நாவலும் உதிர்த்த சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். நான் விளக்குமாற்றைத் தொடுவதில்லை. பெண்டாட்டி செத்த பிறகு அய்யாசாமி இப்படி ஆகிவிட்டார் என்று தெருவே பேசுகிறது. பேசட்டும்.

அந்தச் சருகு ஒரு பறவைக்காகக் கிடக்கிறது. ஆறுமணிக்குருவி. ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து வந்து இறங்கும். சித்திரை வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலுக்கடியில் சிவப்பு. இத்தனை அலங்காரத்தையும் வைத்துக்கொண்டு தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். விடியலிலும் பொழுது சாயும்போதும் விசில் அடிக்கும்.

முன்பு ஒரு மழைநாளில் ஜன்னல் கண்ணாடியில் மோதித் துணி துவைக்கிற கல்லடியில் விழுந்து கிடந்தது. என் பெண்டாட்டி சுப்புலட்சுமிதான் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் பெட்டியைத் திறந்ததும் சருகுக்குள் ஓடிப்போயிற்று.

"இனிமே பின்னால கூட்டாதீங்க. அது சோத்துத் தட்ட நாம ஏன் தட்டிவிடணும்?" என்றாள்.

அவள் போன பிறகும் வருகிறது. அதே குருவியா, வேறா, தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. மகள் அபி புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாட்களில் இந்த வீட்டில் கேட்கிற குரல் அந்த விசில் மட்டும்தான். முதல் ஷிப்ட் முடித்து வந்தால் மாலையில் காப்பியோடு பின்படியில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பேன். வைகாசியில் எனக்கு ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குருவிக்கும் எனக்கும் சேர்ந்து இதுதான் கடைசிப் பனிக்காலம், ஒரு மாலையையும் விட்டுவிடக்கூடாது என்றிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு பிளாக்கே வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு வளர்மதி காடாம்புலியூர்க்காரி. நல்ல மனசு. அதுதான் வினையாகப் போயிற்று.

"என்னாங்கண்ணா, வூட்டு பின்னால காடு மாரி கெடக்குது. பாம்பு கீம்பு வந்துரப் போவுது" என்றாள் மார்கழியில்.

"கெடக்கட்டும்மா. அது அப்படியே இருக்கட்டும்."

நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

போகியன்று விடியுமுன்னே மைன்ஸுக்குப் போய்விட்டேன். மத்தியானம் திரும்பினால் பின்பக்கம் துடைத்துவிட்டது போல் இருந்தது. சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஓரத்தில் சாம்பல் புகைந்தது. வளர்மதியும் அவள் புருஷன் வெங்கடேஷும் வேர்வையோடு நின்றார்கள்.

"பொங்கலும் அதுவுமா அண்ணன் வூடு மட்டும் மூளியா கெடக்கலாமா? காலையிலேர்ந்து கூட்டிகினு இருந்தோம். அக்கா இருந்தா இப்டி வுட்டிருப்பாங்களா?"

அக்காதான் விடச் சொன்னாள் என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் அவள் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று மாலை விசில் இல்லை. பொங்கலன்றும் இல்லை, மாட்டுப் பொங்கலன்றும் இல்லை. காப்பி ஆறியதுதான் மிச்சம்.

பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். மரத்தடியில் கூட்டிக் குவித்திருந்த சருகையெல்லாம் அள்ளி வந்து பின்பக்கம் கொட்டினேன். "நல்லாத்தான இருந்தாரு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சாயங்காலம் வளர்மதி தயங்கித் தயங்கி வந்தாள்.

"நாங்க கூட்டனதுல எதுனா கோவமாங்கண்ணா?"

அப்போதுதான் அந்த விசில் கேட்டது. பின்சந்துக்கு அப்பால், யாரோ காலி செய்து பூட்டிக் கிடக்கிற குவார்ட்டர்ஸின் தோட்டத்திலிருந்து. அங்கே கூட்டுவதற்கு ஆளே கிடையாது. நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன்.

"அது என்னாங்கண்ணா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்தான்."

அது பிழைத்துக் கிடக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. அந்தப் பூட்டின வீட்டின் மேல் பொறாமையாகவும் இருந்தது. மாசி போயிற்று, பங்குனியில் நாவல் பூத்தது, குருவி என் பக்கம் வரவில்லை. தூரத்து விசிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்திரையில் அதுவும் நின்றது.

இங்கே குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் வீடு வாசலைக் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் சாவி கொடுப்பார்கள். அடுத்து வருகிறவர்கள் குறை சொல்லக்கூடாது. வைகாசியில் நானும் வீட்டைக் கழுவினேன், வாசலைக் கூட்டினேன். பின்பக்கத்தை விட்டுவிட்டேன்.

"எங்க வூட்டு பின்னாலயும் கூட்டறத வுட்டுட்டேங்கண்ணா" என்றாள் வளர்மதி. "பூட்டுன வூடு, உங்க வூடு, எங்க வூடு. ஐப்பசில வந்தா எங்க வேணா எறங்கட்டும்." சிரித்தாள். பிறகு கேட்டாள், "நீங்க எங்கண்ணா போறீங்க?"

மகள் வீட்டுக்கு என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அபி இன்னும் வரச் சொல்லவில்லை. இவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

"இன்னும் முடிவாகலம்மா. ஐப்பசியில அது வந்துச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு. நீ பேச வேண்டாம். பொழுது சாயும்போது போனைப் படியில வச்சிரு, நான் கேட்டுக்கிடுதேன்."