மோட்டார் கொட்டாயில் குடித்தனம்

கொழுந்தன் கல்யாணம் முடிந்ததும் வீட்டில் படுக்க இடமில்லாமல் போயிற்று. அரசப்பனும் அவன் பெண்டாட்டி அம்சாவும் தங்கள் பங்கு நிலத்திலிருந்த மோட்டார் கொட்டாய்க்குக் குடிபோவதென்று முடிவானது. வல்லத்துக்கு ஒரு மைல் இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை. கிணற்று மேட்டில் பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஒரே அறை. உள்ளே மோட்டார், உரமூட்டை, குடும்பம் குடும்பமாக எலிகள்.

அரசப்பனுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை. வாரமெல்லாம் அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் வருவான். ரயிலில் அத்தனூண்டு இடத்தில் எட்டுப் பேர் படுத்து, சாப்பிட்டு, சண்டை போட்டுக்கொண்டே மெட்ராஸ் போவதைத் தினம் பார்க்கிறவனுக்கு அந்தக் கொட்டாய் அரண்மனையாகத் தெரிந்தது. மோட்டாரை வெளியே தள்ளி அதற்கு இடுப்புயரத்தில் தனிக் கூண்டு கட்டினான். வேப்பம்பலகை அறுத்து, சுவரோடு மடக்கி மாட்டுகிற மாதிரி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் படுக்கை போட்டான். டியூப்லைட் வந்தது, ஃபேன் வந்தது, நின்றபடி சமைக்க மேடை வந்தது.

அம்சா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு கக்கூஸ். கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றான். மிச்சமிருந்த மூலையில் மடக்கு மேஜைக்காகச் சுண்ணாம்பால் கோடும் போட்டுவிட்டான். ரோட்டோரத்தில் ஒதுங்கும் பெண்களின் பாடு அவனுக்கு எங்கே தெரியும்? விடியுமுன் போனாலும் பஸ் வெளிச்சம் விழும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த பதினொரு வருஷமாக எழுந்து நின்று அவளுக்கு அலுத்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அவன் விழுப்புரத்துக்குக் கிளம்பியதும் இவள் திண்டிவனத்துக்குக் கிளம்பினாள். கடைக்காரர் வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். பீங்கான் சாமான் என்றாள். பிரித்துக் காட்டினால்தான் லக்கேஜ் போட முடியும் என்றார். பிரித்தாள்.

பஸ்ஸில் தலைகள் திரும்பின. பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்சாவுக்குக் காது மடல் சூடேறியது. இறங்கிவிடலாமென்றால் மடிப்பாரம் விடவில்லை.

"கக்கூஸ் பீங்கான்தாங்க. எங்க வூட்டுக்கு வாங்கிக்கினு போறேன். இன்னா இப்போ?" என்றாள்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். பக்கத்து சீட்டுப் பெண் மெல்லக் குனிந்து, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டாள். முன் சீட்டுக்காரி திரும்பி, கொத்தனாரே மாட்டிவிடுவாரா, அதற்கென்று தனி ஆள் வேண்டுமா என்று விசாரித்தாள். அம்சா இறங்கும்போது கண்டக்டரே மூட்டைக்கு ஒரு கை கொடுத்தார்.

கொத்தனார் பூமாலை வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்தார். கிணற்றுக்கு வெகுதூரம் தள்ளிக் குழி தோண்டி, சிமெண்டு உறை இறக்கி, மூலையில் சுவர் எழுப்பி, அதன்மேல் தண்ணீருக்குத் தகர டிரம்மும் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை வந்த அரசப்பன் தன் மேஜை மூலையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டுக்கினேதானங்க இருந்தேன். பாக்கலாம், பாக்கலாம்னீங்க. நானே பாத்துட்டேன்."

அவன் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தான். அம்சா சமாதானம் சொல்லப் போகவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சோறு கொதிக்கிற நேரத்தில் அவன் உள்ளே வந்து, புதுச் சுவரின் வாசலைச் சாணால் அளந்தான்.

"கதவுக்கு இன்னா பண்ணப் போற?"

"இப்போதைக்குச் சாக்குதான்."

"எந்த ரயில்லடி சாக்கு தொங்குது?" என்றான். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. மறுநாள் பூராவும் உட்கார்ந்து, மேஜைக்கு வைத்திருந்த பலகையில் கதவு செய்து, உள்ளிருந்து தள்ளுகிற தாழ்ப்பாளும் மாட்டினான்.

தை பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். அரசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குப் படுக்கையை மடக்கி மடக்கிக் காட்டினான். யாரும் நின்று பார்க்கவில்லை. ஓரகத்தி கெங்கம்மாள் அந்தச் சின்னக் கதவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அரசப்பன் படுக்கையை மாட்டுகிற சங்கிலியைப் பிடித்தபடி அந்த வரிசையைப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டிரம்மில் தண்ணீர் குறைந்திருக்குமே என்று மோட்டார் போடப் போனான்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு அம்சா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல்பலகையில் ஏறிப் படுத்தாள். ஓடு கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தது. ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தது. கீழே அரசப்பன் ஏதோ கேட்டான். பதில் சொல்வதற்குள் அவள் தூங்கிப்போனாள்.