ஆறு சென்டிமீட்டர்

டோல்மின் ஊர் மழலையர் பள்ளியில் தாரிங்கா இருபத்தெட்டு வருடமாகச் சமையல்காரி. அறுபத்திரண்டு வயது. குளிர்காலம் முழுக்க இனிப்பைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கணவர் லோய்ஸே வால்நட் ரொட்டியைக் கண்முன்னே வெட்டித் தின்றபோதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் மார்ச் மாத வருடாந்திரப் பரிசோதனைக்குச் சற்றுத் தெம்பாகவே போனாள்.

சுகாதார நிலையத்தில் புதிதாக நேஷா என்ற நர்ஸ் வந்திருந்தாள். எடை எழுபது கிலோ, போன வருடம் போலவே. உயரம் கேட்டதும் தாரிங்கா வழக்கம்போல நூற்று அறுபத்துநாலு என்றாள். பழைய நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொள்வாள். நேஷாவோ காலணியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னாள்.

நூற்று ஐம்பத்தெட்டு.

நேஷா எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தாள். சென்ற வருடம் இருபத்தாறு என்றிருந்த பி.எம்.ஐ. என்ற உடல்பருமன் எண், இப்போது இருபத்தெட்டு.

தாரிங்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு கிலோகூட ஏறல, ஆனா நான் குண்டாயிட்டேனா? உன் சுவரு கோணல்மா."

நேஷா கோபப்படவில்லை. குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டும்படி நிற்கவைத்து இன்னொரு முறை அளந்தாள். அதே நூற்று ஐம்பத்தெட்டு. உணவு அட்டவணை ஒன்றை நீட்டப்போகிறாள் என்று தாரிங்கா எதிர்பார்த்திருந்தாள். அவளோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உயரத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேட்டாள். தாரிங்கா யோசித்துப் பார்த்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அளந்ததுதான்.

"நீங்க குண்டாகலம்மா. குள்ளமாயிட்டீங்க. உயரம் குறைஞ்சா அந்த எண் தானா ஏறும். வயசானா கொஞ்சம் குறையறது சகஜம், ஆனா ஆறு சென்டிமீட்டர் ஜாஸ்தி. முதுகு வலிக்குதா?"

வலித்தது. இலையுதிர்காலத்தில் சூப் அண்டாவைத் தூக்கும்போது முதுகில் ஏதோ சுரீரென்றது. இரண்டு வாரம் தைலம் தேய்த்து, வேலைக்குப் போய்க்கொண்டே சமாளித்துவிட்டாள். சமையல்காரிக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

நேஷா அப்போதே எழுந்து பக்கத்து அறையிலிருந்த டாக்டரிடம் போனாள். அதே வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகுத்தண்டில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. நோவா கொரிட்சா நகர மருத்துவமனையில் எலும்பின் அடர்த்தியை அளந்தபோது, அவள் எலும்புகள் வெகுவாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது. இப்படியே விட்டிருந்தால் அடுத்து இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் தினமும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பாரம் தூக்கவே கூடாது என்று சொன்னார். பள்ளித் தலைமையாசிரியை பெரிய அண்டாவை ஒழித்துவிட்டு மூன்று சின்னப் பாத்திரங்கள் வாங்கித் தந்தாள்.

தாரிங்காவுக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. யாராவது உதவினால் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு வைப்பாள், அவ்வளவுதான். மே மாதம் ஒரு நாள் பாலாடைக்கட்டி அடைத்த உருண்டைகளைச் சுடச்சுடத் தட்டில் அடுக்கித் துணியில் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். நேஷாவின் மேசையில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பியவள், கதவருகே நின்றுவிட்டாள்.

"இத்தனை வருஷமா நான் சொன்னத எல்லாரும் நம்புனாங்க," என்றாள். "நீ நம்பல. அதுக்கு நன்றிம்மா."

நேஷாவுக்குக் கண் கலங்கியது. உட்காருங்கள் என்றாள். நோயாளிகள் யாரும் காத்திருக்கவில்லை. இருவரும் ஒரே முள்கரண்டியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் தட்டைக் காலி செய்தார்கள்.