துஷ்டி விளம்பரம்

ஆவுடைநாயகத்தின் கம்ப்யூட்டரில் விளம்பரத் தடுப்பான் ஏறிய நாளிலிருந்து, செய்திப் பக்கம் அவர் மவுஸை அமுக்குவதற்கு அரை நொடி முன்னாலேயே வந்து நின்றது. மழை நிலவரம் பார்த்தால் நாளைய மழை இன்றைக்கே திரையிலிருந்து சொட்டியது. மேசை நனையாமலிருக்கத் துண்டு விரித்துக்கொண்டார். பொய் என்பவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்து துண்டைத் தொட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சுகத்தைத் தனியாக அனுபவிக்க அவருக்கு மனம் வரவில்லை. கூட வேலை பார்த்து ஓய்வுபெற்ற பதினேழு பேர் வீட்டுக்கும் டவுன் பஸ் ஏறிப் போய், காபி குடித்து, ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றிவிட்டு வந்தார். தேவதாசன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவர் மனைவி எலிசபெத்துக்குக் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். ஷேக் மைதீனோ வேண்டவே வேண்டாம் என்றார். "விளம்பரம் பாக்கத்தாம்வே நெட்டே வச்சிருக்கேன். சேதி யாருக்கு வேணும்?"

அந்த ஷேக் மைதீன்தான் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார்.

"என்னவே, தேவதாசன் வீட்டுத் துஷ்டிக்கு ஏன் வரல?"

"என்ன துஷ்டி?"

"எலிசபெத் மதினி போயி நாலு நாளாச்சு. நாம தெனம் பாக்குத நியூஸ் பக்கத்துல போட்டோ போட்டு விளம்பரம் குடுத்திருந்தாரே! அறுபது நாற்காலி போட்டிருந்தாவ. நம்ம ஆபீஸ் ஆளு நான் ஒருத்தன்தான்."

சாவு வீட்டுத் துஷ்டிக்கு யாரும் வீடு வீடாக வந்து அழைப்பதில்லை. அந்த விளம்பரம்தான் தகவல். ஆவுடைநாயகம் தடுப்பானை அணைத்தார். பக்கம் பைய இறங்கியது. வீட்டுமனை வந்தது, மூட்டுவலித் தைலம் வந்தது, நகைக்கடை வந்தது. தைலத்துக்கும் நகைக்கும் நடுவே, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரிக்கு மேலே, எலிசபெத் மதினி சிரித்துக்கொண்டிருந்தார். பதினேழு வீடுகளிலும் அந்த முகத்தைத் துடைத்துப் போட்டது அவருடைய கைதான்.

தேவதாசன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயார் செய்தார். மகளோடு மணிமுத்தாறு போயிருந்தேன், அங்கன சிக்னல் கிடையாது. கண்டக்டரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார்.

கதவைத் திறந்த தேவதாசன் கையில் ஒரு தாள் இருந்தது.

"வாரும். நீராவது வந்தீரே."

தாளை நீட்டினார். பதினெட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே தேவதாசன் செய்த குற்றம். 'குமரகுருபரன்: பிரிவுபசார விழாவில் பேச விடவில்லை.' 'ஆவுடைநாயகம்: அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் பாதியில் எழுந்துவிட்டேன்.'

"நாலு நாளா யோசிச்சு எழுதினேன்வே. சில பேருக்கு என்ன செஞ்சேன்னே ஞாபகம் வரல. எல்லாரும் சேந்து ஒதுக்குத அளவுக்கு நான் என்னவே செஞ்சேன்?"

ஆவுடைநாயகம் மணிமுத்தாறை விட்டுவிட்டார்.

"நீரு ஒண்ணும் செய்யலவே. நான்தான் பாவி. பக்கம் சீக்கிரம் தொறக்கணும்னு எல்லார் வீட்லயும் விளம்பரத்த அடைச்சேன். மதினியையும் சேத்து அடைச்சுப்போட்டேன்."

தேவதாசன் தாளைத் திரும்ப வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"அப்ப யாருக்கும் எம்மேல கோவம் இல்லியா?"

"யாருக்கும் தெரியவே தெரியாது."

"ஒம்ம மன்னிக்க எனக்கு இப்ப தெம்பில்ல வே. அந்தப் பதினேழு பேரையும் கூட்டிட்டு வாரும். மொத்தமா வேண்டாம், நாளுக்கு ஒருத்தரா. நீரும் கூடவே உக்காரணும்."

ஆவுடைநாயகம் தினமும் போனார். தினமும் தேவதாசன் முதலிலிருந்து சொன்னார்: காய்ச்சல், ஆஸ்பத்திரி, அரை டம்ளர் கஞ்சி. ஒரு வரியும் குறைக்கவில்லை. வந்தவர் அழுவார். ஆவுடைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினொன்றாம் நாள், பதினேழு பேரில் ஒருவரான சிவசங்கரன் வந்திருந்தார். சொல்லிக்கொண்டே வந்த தேவதாசன் நடுவில் நின்றுவிட்டார். கஞ்சிக்கு அப்புறம் என்ன என்று அவருக்கு வரவில்லை.

"மதினி ஜன்னலத் தொறக்கச் சொன்னாவ," என்றார் ஆவுடைநாயகம்.