நீலம் போடாத வெள்ளை

பொட்டலத்தைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு வெள்ளை அங்கி இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. சலவைக்கடைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரே நின்ற லாரி மெக்கானிக்கின் துணிக்குக் கையும் கிடையாது, தையலும் கிடையாது. மக்காவில் அவர் உடுத்தியிருந்த இரண்டு வெள்ளைத் துண்டுகள் அவை. அடுத்த வாரம் அவருக்கு இதய ஆபரேஷன். பிழைக்காவிட்டால் அதுதான் கபன், அவரைச் சுற்றி அடக்கம் செய்யும் துணி.

"என்னுது எங்கம்மா?"

அது காலையிலேயே போய்விட்டது. தெருக்கோடி கண்ணாடிக்கடைக்காரர், வயசான யூதர், விடிவதற்குள் காலமாகிவிட்டார். மருமகன் ஓடிவந்து, "மாமாவோட வெள்ளைத் துணி குடுங்க" என்றான். இவளும் பொட்டலம் மாறி எடுத்துக் கொடுத்துத் தொலைத்தாள். இவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன? போன வாரம் இரண்டு பெரியவர்களும் தனித்தனியே வந்து ஒரே பேச்சை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். "நீலம் போடாதேம்மா, கஞ்சி போடாதே. இதோடதான் நான் போகப்போறேன்." பேசிவைத்துக்கொண்ட மாதிரி இப்படியா சொல்வது!

"மதியத்துக்குள்ள அடக்கம் பண்ணிடுவாங்கண்ணே" என்றாள்.

மெக்கானிக் வேனைக் கிளப்பினார். அங்கியை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மண்ணைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது கதை. அப்புறம் யார் காலில் விழுந்தும் பிரயோஜனமில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு.

கல்லறைத் தோட்டத்தில் உடலைக் கழுவும் அறை சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விடாமல் ஊற்றும் சத்தம் கேட்டு, அப்போதுதான் நின்றது. மெக்கானிக் கதவைத் தட்டினார். ஈரக் கையோடு மருமகன் வெளியே வந்தான்.

"நானே ஓடி வரலாம்னு இருந்தேன். அங்கி எங்கம்மா? வெறும் துண்டுதானே இருக்கு?"

அவள் அங்கியை நீட்டினாள். அவன் அதை உள்ளே கொடுத்துவிட்டு, துண்டுகளோடு வந்தான். ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. மற்றது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மாமா உடம்பைத் துவட்டக் குடுத்ததுன்னு நினைச்சுட்டோம். மன்னிச்சிடுங்க."

"துவட்டவா?" மெக்கானிக் வெடித்தார். "ஹஜ்ஜுக்குப் போன துணிய்யா இது! ஹஜ்ஜுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

இன்றைக்கு அடிதடிதான் என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மருமகன் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை.

"எங்க வேதத்துலயும் அந்த வார்த்தை இருக்குங்க. நாங்க ஹக்னு சொல்வோம். ஜெருசலேம்ல எங்க கோயில் இருந்த காலத்துல அங்க யாத்திரை போனாங்களே, அதுக்குத்தான் அந்தப் பேரு. மாமா தினமும் அந்த ஊர்ப் பக்கம் திரும்பித்தான் தொழுவார். போய்ப் பாக்கத்தான் குடுத்துவைக்கல."

மெக்கானிக் ஈரத்துண்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "நாங்களும் ஆரம்பத்துல, மக்கா பக்கம் திரும்புறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் பார்த்துத்தான் தொழுதோம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு, "எந்தப் பக்கம் முதல்ல கழுவினீங்க?" என்று கேட்டார்.

"வலது பக்கம்."

"நாங்களும் அப்படித்தான்."

"குடுங்கண்ணே, இப்பவே திரும்பத் துவைச்சு..." என்று அவள் கை நீட்டினாள்.

அவர் ஈரத்துண்டை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"துவைக்காதேம்மா. பெரியவரைத் துடைச்ச ஈரம்தானே. காயப்போடு, போதும்."