பனங்கட்டி போட்ட சாடி

எங்கள் லா சப்பல் வீட்டுக் குசினியில் மூன்று கண்ணாடிச் சாடிகள். மூன்றிலும் என் கையால் காய்ச்சிய பியர். முதலாவதில் கொத்தமல்லி, அடுத்ததில் இஞ்சி, கடைசியில் பனங்கட்டி. மூடியில் செருகிய வளைகுழாய் ‘ப்ளுக், ப்ளுக்’ என்று குமிழி விடும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

மனைவி பேர்ளிக்குத்தான் பொறுமை போய்விட்டது. இதுவரை நான் காய்ச்சியதெல்லாம் புளித்துக் காடியாகிப் போனவை.

“இஞ்சேருங்கோ, இதுவும் புளிச்சுதெண்டால் மூண்டு சாடியும் குப்பைக்கை. பிறகு பியர் எண்டு வாய் திறக்கப்படாது. சொல்லிப்போட்டன்!”

ஞாயிறு பூசை முடிந்து சுவை பார்க்க உட்கார்ந்தோம். பக்கத்து ஊரான பொண்டியிலிருந்து செபஸ்தியாம்பிள்ளை மாமாவும் வந்திருந்தார். பாவம், அவருக்கு முழங்கால் வருத்தம். மேசையில் இரண்டு கையையும் ஊன்றாமல் எழும்பமாட்டார். பேர்ளி ஆவணியில் லூர்து மாதாவிடம் போய்க் கொண்டுவந்த தண்ணீரில் அவருக்கென்று ஒரு போத்தல் எடுத்து வைத்திருந்தாள்.

கொத்தமல்லியைக் குடித்துவிட்டு, “சவர்க்கார நுரை” என்றார் மாமா. இஞ்சியைக் குடித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பனங்கட்டியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாசை நீட்டினார். பேர்ளியும் ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள்.

“சும்மா சொல்லக்கூடாது, அந்தமாதிரி இருக்கப்பா! சரி, சாடியள் இருக்கட்டும்.”

அடடா, அந்த நிமிசம் நான் மாமாவைத் தூக்கிச் சுற்றாத குறைதான்.

அவள் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள்.

“மாமாவின்ரை லூர்து தண்ணி எங்கை?”

பியருக்குக் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரையும் நான் அதே தட்டில், அதேமாதிரிப் போத்தலில்தான் வைப்பேன். பனங்கட்டிச் சாடி கழுத்துவரை நிறையவில்லையென்று அங்கிருந்த ஒன்றை எடுத்துக் கவிழ்த்திருந்தேன். பனங்கட்டிச் சாடியைக் கையால் காட்டினேன்.

“ஐயோ மாதாவே! உம்முடைய தண்ணியிலையோ இந்த மனுசன் பியர் காய்ச்சினது! இந்தச் சாடியள் இனி இந்த வீட்டிலை இருக்காது!”

சாடியைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் தொட்டிக்குப் போனாள். சரித்தும்விட்டாள். என் உயிரே அதோடு போகப் பார்த்தது.

“ஊத்தாதை பிள்ளை! அது என்ரை மருந்து!”

செபஸ்தியாம்பிள்ளை மாமா பாய்ந்து வந்து சாடியைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் பேர்ளி அவருடைய காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாமாவும் குனிந்து பார்த்தார். மேசையில் கை ஊன்றாமலே எழும்பி வந்திருந்தார்.

“தம்பி றொஜர், மற்றக் காலுக்கும் ஒரு கிளாஸ் விடும்” என்றார் என்னைப் பார்த்து.

பேர்ளிக்குச் சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சாடியை மேசையில் வைத்தாள்.

“வாற ஆவணி நீங்களும் லூர்துக்கு வாறியள். தண்ணி நிரப்பின கான் எல்லாத்தையும் தூக்கிக் காவுறது நீங்கள்தான்.”